டெடி ரினேர்: அந்த 154 வெற்றிகள் பெரிதா, தோற்ற பிறகு எழுந்து வந்தது பெரிதா?

கறுப்பு_பெல்ட்_கனவு

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஜூடோ பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. அதனால் நானே தொடங்கிவிடுகிறேன்.

100 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு. மற்ற பிரிவுகளில் எடைக்கு மேல்வரம்பு உண்டு, இதில் கிடையாது. 105 கிலோக்காரர் 170 கிலோக்காரரோடு மோத வேண்டி வரலாம். இந்தப் பிரிவில் 2007 முதல் 2024 வரை திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு பெயர் பிரான்ஸின் டெடி ரினேர். கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் 1989 ஏப்ரல் 7 அன்று பிறந்தவர், பாரிஸில் வளர்ந்தவர். 2 மீட்டருக்கு மேல் உயரம்.

18 வயது 5 மாதத்தில், 2007 ரியோ டி ஜெனிரோவில் உலக சாம்பியன். அந்தப் போட்டியில் அவரிடம் தோற்றவர்களில் சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கோசெய் இனோவேயும் ஒருவர். அந்த ஆட்டத்தில் நடுவர்கள் சொன்ன தீர்ப்பு சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அது கிடக்கட்டும். 2010 செப்டம்பரில் டோக்கியோவில் எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில், நடுவர்கள் கொடி தூக்கி வெற்றியாளரைச் சொல்லும் கொடித் தீர்ப்பில் தாய்கி காமிகாவாவிடம் தோற்றார். அதற்குப் பிறகு தோல்வியே இல்லை. 2020 பிப்ரவரி 9 வரை, ஒன்பது வருடத்துக்கு மேல், வரிசையாக 154 வெற்றிகள்.

ரினேர் என்றாலே எல்லோரும் இந்த 154-ஐத்தான் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. அந்த 154 நடந்தபோது பாதி ஆட்டங்களில் எதிரி தத்தாமியில் (ஆட்டம் நடக்கும் பாய் விரிப்பு) கால் வைக்கும்போதே தோற்ற முகத்தோடுதான் வந்தார். ரினேர் உண்மையில் யார் என்று தெரிந்தது 2020-க்குப் பிறகு. 2020-இல் பாரிஸில், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் கொகோரோ காகெஉராவிடம் தோற்றார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் தமர்லான் பஷாயெவிடம் தோற்றார். அப்போது வயது 32. வீட்டில் தங்கத்துக்குக் குறைவில்லை, இனி நிரூபிக்க ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் போய்ப் பயிற்சிக் கூடத்தில் நின்று, 35 வயதில் மறுபடி ஒலிம்பிக் தங்கம் வென்றார். எனக்கு இதுதான் பெரிது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கணக்கு_நோட்டு

நல்ல இழை. ஆனால் எண்ணை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஒன்பது வருடம் ஐந்து மாதத்தில் 154 என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 16 ஆட்டம். குறைவாகத் தெரியும், ஆனால் அதில் உலகப் போட்டிகளும் இரண்டு ஒலிம்பிக்கும் அடக்கம். லண்டன் 2012 இறுதியில் ரஷ்யாவின் மிகாய்லினையும், ரியோ 2016 இறுதியில் ஜப்பானின் ஹிசயோஷி ஹராசாவாவையும் வென்றார். உலகப் பட்டங்களை எண்ணிப் பாருங்கள். 2007, 2008 (எடை வரம்பில்லாத பிரிவு), 2009, 2010, 2011, 2013, 2014, 2015. 2017-இல் மட்டும் இரண்டு, புடாபெஸ்டில் ஒன்று, மராக்கேஷில் எடை வரம்பில்லாத பிரிவில் ஒன்று. ஆக 10. பிறகு 2023-ஐயும் சேர்த்தால் 11.

அதே சமயம், ஜப்பானின் யசுஹிரோ யமஷிதாவின் கணக்கு 203. 1977 முதல் 1985 வரை. ஆகவே 154-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு "எல்லாக் காலத்திலும் சிறந்தவர்" என்று சொல்பவர்கள் யமஷிதாவுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பழைய_தத்தாமி

யமஷிதா பெயர் வந்ததால் உள்ளே வந்தேன். எனக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. கல்லூரி நாளில் ஆறு வருடம் ஜூடோ ஆடினேன், முழங்கால் போனதும் விட்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு யமஷிதாதான் சாமி.

கணக்கு நோட்டுத் தம்பி சொன்ன 203 வெற்றி சரி. அதன் நடுவில் 7 சமநிலை உண்டு. தோல்வி இல்லை என்பதால் தொடர் அறுந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஏழில் ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். 1980-இல் சுமியோ எண்டோ என்பவர் கனிபசாமி போட்டார். பக்கவாட்டில் பாய்ந்து இரண்டு காலாலும் எதிரியின் காலைக் கத்தரிபோல் பிடித்து விழவைக்கும் உத்தி அது. யமஷிதாவின் இடது கால் எலும்பு முறிந்தது. ஆட்டம் சமன் என்று அறிவித்தார்கள். அந்த உத்தி பிறகு போட்டிகளில் தடை செய்யப்பட்டது. அதே வருடம்தான் ஜப்பான் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. 23 வயதில், உச்சத்தில் இருந்த ஆளுக்கு ஒலிம்பிக் இல்லை. கால் முறியாமல் இருந்தாலும் போயிருக்க முடியாது.

நான்கு வருடம் காத்திருந்து 1984 லாஸ் ஏஞ்சலஸ் போனார். இரண்டாவது ஆட்டத்திலேயே வலது கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது. நொண்டிக்கொண்டே அரையிறுதிக்கு வந்தார். பிரான்ஸின் டெல் கொலம்போ அவரைத் தொடக்கத்திலேயே கீழே தள்ளிச் சிறு புள்ளி எடுத்துவிட்டார். யமஷிதா திரும்பி வந்து வென்றார். இறுதியில் எகிப்தின் முகமது அலி ரஷ்வானைத் தரையில் அழுத்திப் பிடித்துத் தங்கம். மேடை ஏறும்போது கைகொடுத்து ஏற்றிவிட்டவர் தோற்ற ரஷ்வான்தான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இழையைத் தொடங்கிய தம்பி கேட்ட கேள்வி யமஷிதாவுக்கும் பொருந்தும். அவரைப் பற்றிப் பேசும்போது எனக்கு 203 ஞாபகம் வருவதில்லை. அந்தக் கால்தான் ஞாபகம் வருகிறது.

சும்மா_பார்ப்பவன்

மன்னிக்கவும், எனக்கு ரினேர் ஆட்டம் பார்க்கப் பிடிக்கவில்லை. ரியோ 2016 இறுதியை முழுதாகப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஓடியது, ஒரு வீச்சுகூட இல்லை. ஹராசாவாவுக்கு ஷிடோ (நடுவர் கொடுக்கும் தண்டனை) அதிகம் என்பதால் தங்கம் ரினேருக்கு. மேலே வந்து காலரைப் பிடிப்பது, கையைத் தட்டிவிடுவது, நேரம் ஓடுவது. யமஷிதா இப்படியா வென்றார்?

2023 தோஹாவையும் மறக்க வேண்டாம். இறுதியில் இனால் தசோயெவ் திருப்பிப் போட்டதற்கு நடுவர்கள் புள்ளி கொடுக்கவில்லை. பிறகு சர்வதேசக் கூட்டமைப்பே தவறை ஒப்புக்கொண்டு தசோயெவுக்கும் தங்கம் கொடுத்தது. 11-ஆவது பட்டம் என்று எழுதும்போது பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.

கணக்கு_நோட்டு

தோஹா பற்றிச் சொன்னது நியாயம். 11 என்று நான் எழுதியபோதே அதைச் சேர்த்திருக்க வேண்டும். இருவருக்கும் தங்கம் என்பதே சரியான பதிவு.

பழைய_தத்தாமி

// மேலே வந்து காலரைப் பிடிப்பது, கையைத் தட்டிவிடுவது, நேரம் ஓடுவது //

தம்பி, கோபமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பிடியில்தான் ஆட்டமே இருக்கிறது. ஜூடோவில் அதற்குக் குமிகத்தா என்று பெயர். வீச்சு கண்ணுக்குத் தெரியும், பிடி தெரியாது.

ரினேர் என்ன செய்கிறார் என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு கை எதிரியின் தோளுக்கு மேலே போய் முதுகுப் பக்கத்து ஜூடோகியை, அதாவது ஜூடோ உடுப்பைப் பற்றுகிறது. மற்றக் கை எதிரியின் சட்டைக்கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. அவ்வளவு உயரமான ஆள் மேலிருந்து அழுத்தும்போது எதிரியின் தலை தாழ்கிறது, இடுப்பு பின்னால் போகிறது. குனிந்து நிற்பவன் எப்படி வீசுவான்? வீசாவிட்டால் தாக்கவில்லை என்று நடுவர் ஷிடோ கொடுக்கிறார். பயந்து முன்னால் பாய்ந்தால் ஒசோட்டோகாரி காத்திருக்கிறது. எதிரியின் காலுக்குப் பின்னால் தன் காலைச் செருகிப் பின்புறமாகச் சாய்க்கும் வீச்சு. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் எழுந்திருக்கவே நேரமாகும்.

நான் ஆடிய நாளில் எங்கள் ஆசான் ஒரு வாரம் முழுக்கப் பிடி மட்டுமே கற்றுக்கொடுத்தார். ஒருவரையும் வீசக் கூடாது. எங்களுக்கு எரிச்சலாக வந்தது. அந்த வாரத்தின் அருமை பிறகுதான் தெரிந்தது.

ஆனால் ரியோ இறுதி பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அப்போதைய விதிப்படி நேரம் முடியும்போது ஷிடோ வித்தியாசமே ஆட்டத்தைத் தீர்த்தது. 2017-இல் அதை மாற்றினார்கள். ஆண்கள் ஆட்டத்தை ஐந்து நிமிடத்திலிருந்து நான்காகக் குறைத்தார்கள். மூன்று ஷிடோ வாங்கினால் வெளியே, அதற்குக் குறைவாக இருந்தால் புள்ளி எடுக்கும்வரை கோல்டன் ஸ்கோர் ஓடும். கூடுதல் நேரத்துக்கு வரம்பே இல்லை. 140 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு எட்டு நிமிடம், பத்து நிமிடம் ஆட வேண்டும். காகெஉரா அவரைப் பிடித்ததும் அந்தக் கூடுதல் நேரத்தில்தான்.

சும்மா_பார்ப்பவன்

ஐயா, இதை யாரும் எனக்கு இப்படி விளக்கியதில்லை. பிடியை மட்டும் கவனித்து மறுபடி பார்க்கிறேன். ஆனாலும் ரியோ இறுதி எனக்குப் பிடிக்காது.

பாரிஸ்_பின்னேரம்

வணக்கம். நான் பாரிஸ் புறநகரில் இருக்கிறன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருசத்துக்கு மேல். என் இரண்டு பிள்ளைகளும் ஜூடோ பழகினவை, சின்னவள் இன்னும் போறாள்.

இங்கே ஜூடோ எப்படிப்பட்டது என்று ஊரில் இருக்கிறவர்களுக்கு விளங்குவது கஷ்டம். புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகளைக் கொண்டுபோய் நீச்சலிலோ ஜூடோவிலோ விடுவார்கள். ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு கழகம் இருக்கும். பிரான்ஸ் முழுக்கப் பதிவு செய்து ஜூடோ பழகுகிற ஆக்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். எங்கள் கழகத்தில் அல்ஜீரியப் பிள்ளை, மாலிப் பிள்ளை, வியட்நாம் பிள்ளை, எங்கட தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று குனிந்து வணக்கம் சொல்லும். ரினேரும் இப்படி ஒரு பிள்ளையாகத்தான் தொடங்கினவர்.

மூத்தவன் கொஞ்சம் பருமனான பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி நாங்களும் அவனைப் படுத்தினது உண்மை. ஜூடோவில் சேர்த்த முதல் மாதம் பயிற்றுநர் என்னிடம் வந்து, இந்தப் பிள்ளையின் உடம்பு இங்கே ஒரு சொத்து என்று சொன்னார். அவன் முகம் மாறினதை நான் பார்த்தன். அவன் அறைச் சுவரில் ரினேரின் படம் ஏழு வருசம் இருந்தது. அதனால் ரினேர் சலிப்பான ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னால் எனக்கு மனம் கேட்கவில்லை. மன்னிக்க வேணும், இது வாதம் இல்லை.

2020 பிப்ரவரியில் காகெஉராவிடம் தோற்ற அன்று மகன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அறைக்குள் போனான். அடுத்த புதன் கழகத்தில் பயிற்றுநர் அந்த ஆட்டத்தின் காட்சியையே பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, ரினேர் எங்கே தவறினார், காகெஉரா எப்படிக் காத்திருந்து திருப்பினார் என்று விளங்கப்படுத்தினார். ரினேர் தோற்கலாம் என்றால் நானும் தோற்கலாம்தானே என்று மகன் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னான். அவனுக்கு அப்ப பதின்மூன்று வயது.

கறுப்பு_பெல்ட்_கனவு

அண்ணா, படித்துக் கண் கலங்கிவிட்டது. இதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்தேன், உங்கள் மகன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

கணக்கு நோட்டுக்கு ஒரு தகவல். ரினேரை வீழ்த்திய காகெஉராவும், பின்னர் வீழ்த்தப்போகும் பஷாயெவும் 2021 ஜூனில் புடாபெஸ்ட் உலகப் போட்டி இறுதியில் மோதிக்கொண்டார்கள். காகெஉரா வென்றார். ஆக, ரினேர் தோற்றது யாரோ ஒரு வழிப்போக்கரிடம் இல்லை. ஒரு தலைமுறையே வளர்ந்து மேலே வந்துவிட்டது.

டோக்கியோவில் பஷாயெவிடம் தோற்ற அன்றே, தோற்றவர்களுக்கான மறு ஆட்டங்கள் வழியாக வெண்கலத்துக்குப் போனார். அங்கே எதிரில் நின்றவர் ஹராசாவா. ஐந்து வருடம் முன்பு தங்கத்துக்காக மோதிய அதே இருவர், இப்போது வெண்கலத்துக்காக. ரினேர் வென்றார். அப்போது ஜப்பான் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் யார் தெரியுமா? 2007-இல் 18 வயது ரினேரிடம் தோற்ற அதே கோசெய் இனோவே! ரினேரை வீழ்த்த ஓர் ஆளை உருவாக்குவது அவருக்கு எவ்வளவு சொந்த விஷயமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மறுநாள் கலப்பு அணிப் போட்டி. டோக்கியோவின் புடோகான் அரங்கில், ஜப்பானின் வீட்டிலேயே, பிரான்ஸ் 4-1 என்று ஜப்பானை வென்றது. 1964-இல் ஹாலந்தின் ஆன்டன் கீசிங் ஜப்பானின் காமினாகாவை வென்று ஒரு நாட்டையே அழவைத்த அதே கூடம்.

பழைய_தத்தாமி

கீசிங் வென்றதும் ஹாலந்து ரசிகர்கள் தத்தாமிக்குள் ஓடிவரப் பார்த்தார்கள். அவர் கையை உயர்த்தித் தடுத்து நிறுத்தினார். தோற்ற எதிரிக்கு முன்னால் கொண்டாட்டம் கூடாது என்பதற்காக. எங்கள் ஆசான் வருடம் ஒரு முறையாவது இதைச் சொல்வார்.

கறுப்பு_பெல்ட்_கனவு

இப்போது பாரிஸ் 2024-க்கு வருகிறேன். ஜூலை 26 இரவு, தொடக்க விழாவில் ஜோதியை ஏற்றியவர்கள் மரி-ஜோசே பெரெக்கும் ரினேரும். இருவருமே குவாதலூப்பில் பிறந்தவர்கள். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 2. ஜோதி ஏற்றிய கையோடு தோற்றால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்கே வயிற்றைக் கலக்கியது. காலிறுதியில் ஜார்ஜியாவின் துஷிஷ்விலியோடு தள்ளுமுள்ளு ஆகி, துஷிஷ்விலி வெளியேற்றப்பட்டார். இறுதியில் தென் கொரியாவின் கிம் மின்-ஜோங். அவர் அந்த வருடத்து உலக சாம்பியன், ரினேரைவிட 11 வயது இளையவர். நேரம் முடியப்போகிற தறுவாயில் ரினேர் அவரை இப்போனாகத் (ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் முழுப் புள்ளி) தூக்கிப் போட்டார். ஷிடோ இல்லை, கொடித் தீர்ப்பு இல்லை. முழு முதுகும் தத்தாமியில்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது மறுநாள் நடந்தது. அணி இறுதி, மறுபடி ஜப்பான். ஜப்பானின் கனரகப் பிரிவு வீரர் தத்சுரு சைட்டோ, வயது 22. அவருடைய அப்பா ஹிதோஷி சைட்டோ 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். சியோல் 1988-இல் ஜப்பான் ஜூடோவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அவருடையது. அப்படிப்பட்டவர் தன் நாட்டில் இரண்டாமவராகவே இருந்தார். அகில ஜப்பான் போட்டி இறுதியில் 1983, 84, 85 என்று மூன்று வருடம் வரிசையாக யமஷிதாவிடம் தோற்றார். யமஷிதாவின் 203-க்குள் அந்தத் தோல்விகளும் இருக்கின்றன.

அப்பா 2015 ஜனவரியில் 54 வயதில் காலமானபோது மகனுக்கு 12 வயது. 2022-இல் தத்சுரு அகில ஜப்பான் பட்டத்தை வென்றார். அப்பா யமஷிதா ஓய்வு பெற்ற பிறகு 1988-இல்தான் வெல்ல முடிந்த பட்டம் அது. அப்புறம் பாரிஸ். அப்பாவுக்கு யமஷிதா, மகனுக்கு ரினேர்.

பழைய_தத்தாமி

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஹிதோஷி சைட்டோவை எங்கள் ஆசான் "பாவம், பக்கத்து வீட்டில் பிறந்துவிட்டான்" என்பார். வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் அவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

சும்மா_பார்ப்பவன்

அந்த அணி இறுதியில் ஒரு சந்தேகம். 3-3 ஆனதும் எந்தப் பிரிவு மறுபடி ஆட வேண்டும் என்று திரையில் சுழற்றி எடுத்தார்கள். சரியாக ரினேரின் பிரிவே வந்தது. பிரான்ஸ் மண்ணில், பிரான்ஸ் நட்சத்திரத்துக்கு. நம்ப முடிகிறதா?

கணக்கு_நோட்டு

ஆறு பிரிவு. பெண்களில் 57, 70, 70-க்கு மேல். ஆண்களில் 73, 90, 90-க்கு மேல். எந்த ஒன்று வரவும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு. பகடையில் நீங்கள் கேட்ட எண் விழுவது போலத்தான். அதிசயம், ஆனால் நடக்காத அதிசயம் இல்லை. மோசடி என்று சொல்ல ஆதாரம் வேண்டும்.

இன்னொன்று. அந்தச் சுழற்சிக்கு முன்னால் பிரான்ஸ் 1-3 என்று பின்தங்கியிருந்தது. 73 கிலோ பிரிவில் யோவான்-பெஞ்சமின் காபா, 66 கிலோவில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கும் ஹிஃபுமி அபேயை வென்றார். அடுத்து கிளரிஸ் அக்பெக்னெனு வென்று 3-3 ஆக்கினார். சுழற்றும் இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் இருவரும். எல்லோரும் ரினேரை மட்டும் பேசி அவர்களை மறந்துவிடுகிறோம்.

சும்மா_பார்ப்பவன்

சரி, மோசடி என்று நான் சொல்லவில்லை. காபா ஆட்டம் அருமை, அதில் மறுபேச்சே இல்லை.

பாரிஸ்_பின்னேரம்

அன்று நாங்கள் கூடத்துக்குள் இல்லை, சீட்டு கிடைக்கவில்லை. கழகத்தில் பெரிய திரை போட்டிருந்தார்கள். தொண்ணூறு பேர் கொள்ளுகிற இடத்தில் இருநூறு பேர் இருந்திருப்பம். திரையில் பிரிவுகள் சுழன்றபோது ஒருவர் மூச்சும் கேட்கவில்லை. 90-க்கு மேல் என்று நின்றதும் கூரை போகுமளவுக்குச் சத்தம். பயிற்றுநர் மட்டும் சத்தம் போடவில்லை. கொஞ்சம் முந்தித்தான் ரினேர் சைட்டோவோடு ஒரு ஆட்டம் ஆடி வென்றிருந்தார். முதல் நாள் முழுக்க ஆடிய 35 வயது உடம்பு. சைட்டோ இளசு, இந்த முறை பிடித்துவிடுவார் என்று அவர் பயந்தாராம்.

ரினேர் மறுபடி வென்றார். மூன்று தனித் தங்கம், இரண்டு அணித் தங்கம், இரண்டு வெண்கலம் என்று ஒலிம்பிக் பதக்கம் ஏழு. எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தம். அப்ப சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்து, அப்பா, அந்த ஜப்பான் அண்ணாவுக்கு இரண்டு தரம் தோல்வியா, ஒரே நாளில் இரண்டு தரமா என்று கேட்டாள். ஓம் என்றன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சைட்டோ குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகும்வரை கை தட்டினாள்.

மூத்தவன் இப்ப 100 கிலோவைத் தாண்டிவிட்டான். போன புதன் கழகத்தில் ஒசோட்டோகாரி போடப் போய் அவனே விழுந்தான், அவனைவிட இருபது கிலோ குறைந்த பெடியன் திருப்பிப் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து காகெஉரா ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பழைய தத்தாமி ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேணும். அந்த வீச்சுக்குப் போகும்போது கால் முதலில் போக வேணுமா, கை முதலில் இழுக்க வேணுமா?

பழைய_தத்தாமி

கை. எப்போதும் கை முதலில். எதிரியின் முழு எடையும் நீங்கள் சாய்க்கப்போகும் காலின் குதிகாலில் இறங்கும்வரை சட்டைக்கையை இழுத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். அது இறங்கினது கையிலேயே தெரியும். தெரிந்த பிறகு கால் போகட்டும். அவன் விழுந்ததற்குக் காரணம் கால் முந்திப் போயிருக்கும், ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்தச் சிறிய பையன் அவனைத் தூக்கியிருப்பான். முடிந்தால் அவன் ஆடும் காட்சி ஒன்றைப் பிடித்து எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.